கண்டக்டர் வீட்டுத் தேரை

சத்தியவேட்டில் அவர் இறந்துபோனார் என்று சந்தைக்கு வந்த ஒருத்தர் சொன்னபோது, "அடப் பாவமே" என்றேன். வாய்தான் சொன்னது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த அந்த மனிதரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இறந்துபோனதால் பிடித்துவிடப்போவதும் இல்லை.

பெயரை எழுதவில்லை. நகரியில் எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், அதனால் கண்டக்டர். நேரில் நான் மாமா என்பேன். அவர் மனைவியை அத்தை என்பேன்.

யாரோடு பேசினாலும் அவர் முதலில் பார்ப்பது எதிராளியின் கையைத்தான். முகத்துக்கு வருவதற்கு வெகுநேரம் பிடிக்கும். டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்துப் பழகிய கண் என்று நைனா சொல்வார். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கண்டக்டர் வேலை பார்த்த எத்தனையோ பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இவர் வேலைக்குப் போவதற்கு முன்பே இப்படித்தான் இருந்திருப்பார்.

அவர் குடிவந்த புதிதில் எங்கள் தென்னையிலிருந்து ஒரு தேங்காய் அவர் வீட்டு ஷீட் கூரையின் மேல் விழுந்தது. காயைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"யார் மேல ஏறினது?"

"யாரும் ஏறல மாமா. முத்திப்போய் விழுந்துச்சு."

"தானா எதுவும் ஆவாதும்மா" என்றார். என் உள்ளங்கையைப் பார்த்தார். மரம் ஏறிய சிராய்ப்பு இருக்கிறதா என்று தேடுகிறார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. நான் புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயாலஜி டீச்சர். அப்போது காட்டன் சேலையில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றுகொண்டிருந்தேன்.

தானா எதுவும் ஆவாது. அவர் வாயில் அதிகம் வந்த வாக்கியம் அதுதான். கரண்ட் போனால், குழாயில் தண்ணீர் நின்றால், நாய் அவர் வாசலில் படுத்தால், யாரோ செய்திருக்க வேண்டும். ஒருநாள் அத்தையிடம் கேட்டேன், வீட்டுக்குள்ளேயும் இப்படித்தானா என்று. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"சாம்பார்ல உப்பு கொஞ்சம் ஜாஸ்தியா பூடுச்சின்னா, 'யார் போடச் சொன்னது'ன்னு கேப்பாரு. 'யாரும் சொல்லல, கை தவறிடுச்சி'ம்பேன். அத மட்டும் நம்ப மாட்டாரு. கல்யாணம் ஆன முதல் வாரமே கேட்டாரு. அப்ப சிரிச்சேன்."

அந்த வருஷம் ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு விசைத்தறி. பகலெல்லாம் ஓடும். பொழுது சாய்ந்து நைனா தறியை நிறுத்தினால் தெருவே திடீரென்று அமைதியாகிவிடும். அப்படி ஒரு சாயங்காலம் தறி நின்ற கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் வீட்டுப் பக்கத்திலிருந்து சுவரை மடமடவென்று தட்டினார்கள். அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நைனா கைகூடக் கழுவாமல் ஓடினார். பின்னாலேயே நானும் போனேன்.

கண்டக்டர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "இன்னாப்பா, நான் துன்ன உக்காந்தாதான் தட்டுவீங்களா?"

"இன்னா தட்டினோம்ணா?"

"டொக்கு டொக்குன்னு. நான் திரும்பித் தட்டினதும் நிறுத்திட்டீங்க. ஆள் தட்டறதுக்கும் தறி ஓடறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்."

நைனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தை கதவோரம் நின்று, பேசாமல் போய்விடுங்கள் என்பது போலத் தலையை அசைத்தார். நாங்கள் வாசல் தாண்டுவதற்குள் எனக்கும் கேட்டது. டொக். கொஞ்சம் விட்டு, டொக்டொக்டொக். விரல் முட்டியால் பலகையைத் தட்டுவது போலவே இருந்தது. சுவரிலிருந்து வரவில்லை. பின்கட்டில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி அவர்களுடைய சிமெண்ட் தொட்டி இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"மாமா, அது தேரை. மரத்தவளை. மழைக்கு ஜோடி தேடிக் கத்துது."

"தவளைன்னா கத்தும். தட்டுமா?"

"இது அப்படித்தான் கத்தும் மாமா."

"நீ டீச்சரு. உனக்கு எல்லாம் தெரியும்" என்றார். அதில் மரியாதை இல்லை.

அடுத்த சில நாள் அவர் எங்கள் வீட்டைக் கணக்குப் பண்ணிக்கொண்டே இருந்தார். நைனா தறியை நிறுத்தினதும்தான் தட்டல் ஆரம்பிக்கிறது, ஆகவே நைனாதான். நைனா வெங்கட்டபுரம் போயிருந்த அன்றும் தட்டல் கேட்டது, ஆகவே அம்மா. நான் லேட்டாக வந்த அன்று தட்டலும் லேட்டாக ஆரம்பித்தது என்று தெருமுனைக் கடையில் சொல்லியிருக்கிறார். மழை அன்று லேட்டாகத்தான் வந்தது. மழையை அவர் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பின்கட்டுச் சுவரோரம் ஸ்டூல் போட்டு ஏறி, தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது. பால் அதிகம் விட்ட டீயின் நிறம். முதுகில் திட்டுத்திட்டாகக் கருப்பு. காலெல்லாம் வயிற்றுக்கடியில் மடக்கிவைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, நேர்க்குத்தான சுவரில் ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. விரல் நுனி ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு தட்டு, ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினது போல. கையில் எடுத்ததும் குளிர்ந்தது. தொடையை நீட்டியபோது உள்பக்கத்தில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. வெளியே பார்த்தால் மண்சுவர் மாதிரி இருக்கிற பிராணி அங்கே மட்டும் அவ்வளவு அழகை ஒளித்துவைத்திருந்தது. பிளாஸ்டிக் மக்கில் விட்டேன். மக்கின் பக்கவாட்டில் ஏறி ஒட்டிக்கொண்டது. அப்படியே அவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

"மாமா, இதுதான் தட்டினது. பாருங்க."

அவர் மக்கைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"இத யார் கொண்டாந்து உட்டது?"

"யாரும் கொண்டாரல. அதுவா வந்து இருக்குது."

"முதல்ல தட்டினீங்க. புடிச்சிட்டேன்னு தெரிஞ்சதும் தவளையக் கொண்டாந்து வெக்கறீங்க." அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படலாம். அவரோ கேஸ் முடிந்த திருப்தியில் பேசினார்.

அத்தை மக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் பின்கட்டு வாழையடியில் கவிழ்த்தார். அது ஒரே தாவில் இலைக்கு ஏறிற்று. அத்தை அதைப் பார்த்துச் சிரித்தார். புருஷன் தன்னைப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அன்று மத்தியானம் அவர் அத்தையிடம் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது. "நீயும் அவங்களோட சேந்துக்கினியா?"

அதற்கப்புறம் நுரை வந்தது.

ஒரு காலையில் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, முட்டை வெள்ளைக்கருவை நன்றாக அடித்து அப்பினது போல ஒரு கைப்பிடி நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. தேரை அப்படித்தான் முட்டையிடும். பின்னங்காலால் கடைந்து கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டைகளை வைத்துவிடும். வெளிப்பக்கம் காய்ந்து பொருக்காகும், உள்ளே ஈரம் காக்கும். முட்டை பொரிந்ததும் நுரை கரைந்து தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழும். வகுப்பில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். நேரில் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான்.

கண்டக்டர் பார்த்தது வேறு. தன் வீட்டுத் தண்ணீரில் எவனோ மருந்து கலந்துவிட்டான், இல்லை செய்வினை வைத்துவிட்டான். ஸ்டேஷனுக்கே போய்விட்டார்.

தெலுங்குக்காரர் ஒரு ஏட்டு வந்தார். தெரு முழுக்கப் பின்கட்டில் கூடிவிட்டது. அவர் ஒரு குச்சியால் நுரையைக் கிளறினார். உள்ளே வெளிர்மஞ்சளாகக் கடுகு கடுகாக முட்டைகள். "இதி கப்ப குட்லண்டி" என்றார். தவளை முட்டைங்க. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே குச்சியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சிரித்திருக்கக் கூடாது. சிரித்தவர்களில் அத்தையும் இருந்தார். கண்டக்டர் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டே வந்து அத்தையிடம் வந்ததும் பார்வையை அங்கேயே நிறுத்தினார்.

அப்புறம் ஒரு வாரம்போல அவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கடையில் எதுவும் சொல்லவில்லை. விட்டது சனி என்று நைனா சொன்னார். மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு வெள்ளிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அத்தை தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவதாக முந்தின நாளே சொல்லியிருந்தார். பதினொரு மணிபோலப் பின்கட்டில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அம்மா சுவர்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், ஓடியாடி" என்றார்.

அத்தை குளியலறை வாசலில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது. உடம்பெல்லாம் வேர்வை, கை கால் நடுக்கம். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கிட்டே போனதும் எனக்குப் பூச்சி மருந்து நாற்றம் குப்பென்று அடித்தது. அத்தைக்கு அடித்திருக்காது. கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு வாசனையே தெரியாது. தொட்டியிலிருந்து குழாயில் வந்த தண்ணீரில் வாய் கொப்பளித்து, அரிசி கழுவி, தலையோடு குளித்திருக்கிறார்.

முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி. அங்கே ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, உடனே திருப்பதிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் நானும், வெளியே போயிருந்து அப்போதுதான் திரும்பிய கண்டக்டரும் ஏறினோம். நைனா பின்னால் பஸ்ஸில் வந்தார். வழியெல்லாம் கண்டக்டர் அத்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திருப்பதியில் இளவயது டாக்டர் ஒருத்தர் வந்து, "ஏ மந்து?" என்று கேட்டார். எந்த மருந்து என்று. பூச்சி மருந்து என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு சரியாகச் செய்ய முடியும் என்றார். கண்டக்டர், "பக்கத்து வூட்டுக்காரங்க தண்ணியில கலந்துட்டாங்க சார்" என்றார். நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டர் போனதும் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன்.

"மாமா, தொட்டியில எதாச்சும் ஊத்தினீங்களா?"

"உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. டாக்டர் கேக்கறாரு. பேர் மட்டும் சொல்லுங்க."

"டாக்டர் கேக்கறாரா, நீ கேக்கச் சொன்னியா?"

"அத்தை செத்துடுவாங்க மாமா."

அவர் முகம் ஒரு கணம் உடைந்தது. நான் பார்த்தேன். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு மெல்ல, யோசித்துப் பேசுகிறவர் போல, "அப்ப உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது" என்றார்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அம்மா ஸ்டூல் போட்டுச் சுவரேறி அந்தப் பக்கம் குதித்திருக்கிறார். தொட்டியில் தேரைகள் வயிறு மேலாக மிதந்தனவாம். நுரை உருகிச் சுவரெல்லாம் வழிந்திருந்ததாம். நான் டார்ச் அடித்துப் பார்த்த அதே சந்தில், துணியில் சுற்றி, காலி பாட்டிலைக் கண்டக்டர் செருகிவைத்திருந்தார். அம்மா லேபிளைப் படம் எடுத்து அனுப்பினார். டாக்டரிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

வீட்டில் இருக்கிற ஒரே ஒரு ஆளிடம்கூட அவர் சொல்லாமல் ஊற்றியதற்குக் காரணம் பிற்பாடு அவரே நைனாவிடம் சொன்னார். சொன்னால் அத்தை மூலமாக எங்களுக்குத் தெரிந்து, நாங்கள் தவளைகளை முன்கூட்டியே எடுத்துவிடுவோமாம்.

அத்தை பிழைத்தார். மூன்றாம் நாள் தொண்டையில் போட்டிருந்த ட்யூபை எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்று சொன்னதிலிருந்து கண்டக்டர் அத்தைக்கு வரும் சாப்பாடு எதையும் நேராகக் கொடுக்கவிடவில்லை. இட்லி வந்தால் முதலில் ஒரு துண்டு தான் வாயில் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அத்தைக்கு ஊட்டுவார். இளநீருக்கும் அப்படித்தான். பக்கத்துக் கட்டில் பெண் என்னிடம், "இன்னா பாசம் பாரு" என்றார். பாசம்தான். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இட்லி ஆறி விறைத்துப்போயிருக்கும். அத்தை அதை மென்று விழுங்குவார்.

போலீஸ் வாக்குமூலம் வாங்க வந்தது. வந்தவர் தெலுங்கில், யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா அம்மா என்று கேட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் கண்டக்டர், இந்தப் பக்கம் நானும் நைனாவும். எங்கள் பெயர் வரும் என்று எதிர்பார்த்துக் கண்டக்டர் முன்னால் நகர்ந்து நின்றார்.

அத்தைக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை. தமிழில்தான் சொன்னார்.

"சந்தேகப்படறதுக்கு இன்னா கீது? இவருதான் ஊத்தினாரு. தேரையக் கொல்ல ஊத்தினாரு. எனக்குச் சொல்லல. அவ்ளோதான்."

போலீஸ்காரருக்கு நான் தெலுங்கில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கண்டக்டர் மனைவியைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இத அவளுக்கு நீ சொல்லிக் குடுத்தியா, உங்க நைனாவா?" என்று கேட்டார்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் வந்து மூடியது போல இல்லை.

கேஸ் பெரிதாக எதுவும் ஆகவில்லை. தெரியாமல் நடந்தது என்று முடித்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆன அன்று கண்டக்டர் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தபோது, அத்தை என்னிடம் நாராயணவனத்தில் இருக்கிற தன் தங்கை வீட்டில் விட்டுவிடச் சொன்னார். அவரிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். "உங்க நைனா இங்கதான இருக்காரு. கேட்டா, எங்க போனேன்னு சொல்லிடச் சொல்லு" என்றார். ஆட்டோவில் ஏறினோம். புத்தூரில் நிறுத்தி டீ குடித்தோம். அத்தை சூடாக இன்னொரு டீ வாங்கிக்கொண்டார். போன மழைக்குத் தங்கை வீட்டுப் பசு ஈன்ற கன்றைத் தான் இன்னும் பார்க்கவில்லை என்றார். ரோடு மோசமாக இருக்கிறது என்றார். என் கல்யாணப் பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தார். தங்கை வீட்டு வாசலில் இறங்கும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கண்டக்டரைப் பற்றி வழியில் ஒரு சொல் இல்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

கண்டக்டர் ஒருமுறை நாராயணவனம் போனார். அத்தை வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டோம். அதற்கப்புறம் அவர் போகவில்லை. தொட்டியை இடித்துவிட்டார். பின்கட்டு வாழையை வெட்டிவிட்டார். பிறகு வீட்டை விற்றுவிட்டுச் சத்தியவேட்டுக்குக் கிளம்பினார்.

சாமான் ஏற்றின வண்டி தெருவில் நின்றது. எங்கள் வாசல்படிக்குக் கீழே வந்து நின்று நைனாவைக் கூப்பிட்டார். இளைத்துப்போயிருந்தார். சட்டை தோளில் தொங்கியது.

"அவ போகசொல்ல இன்னா சொல்லிட்டுப் போனா?"

"எங்க போறேன்றத மட்டும்தாண்ணா சொல்லச் சொன்னாங்க. அத அன்னிக்கே சொன்னேனே" என்றார் நைனா.

"அது இல்ல. என்னப் பத்தி."

"உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"உன்னாண்ட சொல்லலன்னா உன் பொண்ணாண்ட சொல்லியிருப்பா. நாராயணவனம் வரைக்கும் ஒண்ணாத்தான போனாங்க." என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா சொன்னா? திட்டினாளா? திட்டியிருந்தாலும் சொல்லு. பரவால்ல."

"ஒண்ணுமே சொல்லல மாமா."

"முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணவ ஒண்ணும் சொல்லாம போவாளா?"

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி, மறைங்க" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.